பச்சைக்கிளி வளர்த்தால் வழக்கு, ‘லவ் பேர்ட்ஸ்’ வளர்த்தால் இல்லை: பெயர் தெரியாமல் பறவை வாங்கலாமா?

2024 ஏப்ரல் மாதம். மக்களவைத் தேர்தல் பிரசாரம் சூடு பிடித்திருந்த நேரம். கடலூர் தொகுதியில் வேட்பாளர் ஒருவர் கிளி ஜோசியரிடம் சீட்டு எடுக்கச் சொன்னார். கிளி சீட்டை எடுத்தது. வெற்றி நிச்சயம் என்று ஜோசியர் பலன் சொன்னார். வேட்பாளரின் பலன் தெரிவதற்கு முன்பே ஜோசியரின் பலன் தெரிந்துவிட்டது. வனத்துறையினர் வந்து அவரைப் பிடித்தனர். கிளிகள் பறிமுதல் செய்யப்பட்டன.

தலைமுறை தலைமுறையாக நடந்துவரும் தொழில் ஆயிற்றே, இதற்குக் கைதா என்று பலர் வியந்தனர். ஆனால் சட்டம் புதியது அல்ல. கிளி ஜோசியருக்கு மட்டும் உள்ளதும் அல்ல. வீட்டு வராந்தாவில் குழந்தையின் விளையாட்டுக்காக ஒரு பச்சைக்கிளியைக் கூண்டில் வைத்திருக்கும் குடும்பத் தலைவருக்கும் அதே சட்டம்தான்.

மும்பையில் தாராவி, மாட்டுங்கா, சயான் கோலிவாடா, செம்பூர் பகுதிகளில் ஒற்றை அறை வீடுகளில் வாழும் நம்மவர்களுக்கு நாய் வளர்க்க இடம் இல்லை. மாடு, கோழி பற்றிப் பேசவே வேண்டாம். ஜன்னல் கம்பியில் ஒரு கூண்டைத் தொங்கவிடத்தான் இடம் இருக்கிறது. அதனால் கிராஃபோர்டு மார்க்கெட் பக்கம் போகும்போது குழந்தை கை காட்டும் பறவையை வாங்கி வருகிறார்கள். அந்தக் கை எந்தப் பறவையைக் காட்டுகிறது என்பதைப் பொறுத்து அது பொழுதுபோக்காகவும் முடியலாம், வழக்காகவும் முடியலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-ல் வந்தது. 1990-91 வாக்கில் இந்தியாவில் இயற்கையாக வாழும் பறவைகளைப் பிடிப்பதும் விற்பதும் தடை செய்யப்பட்டது. கிளி, மைனா, முனியா எதுவும் இதற்கு விலக்கு அல்ல. 2022-ல் சட்டம் மீண்டும் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பச்சைக்கிளி இப்போது இரண்டாம் பட்டியலில் இருக்கிறது.

பொதுவான மீறலுக்கு 3 ஆண்டு வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும் என்பது தண்டனை. அபராதத்தின் உச்ச வரம்பு முன்பு 25 ஆயிரம் ரூபாய். திருத்தத்துக்குப் பிறகு அது 1 லட்சம். கோர்ட்டுக்குப் போகாமல் வழக்கைச் சமரசமாக முடித்துக்கொள்ள வசூலிக்கக்கூடிய தொகையும் 25 ஆயிரத்தில் இருந்து 5 லட்சம் ரூபாய் வரை உயர்த்தப்பட்டது. மாதச் சம்பளக்காரருக்கு இது சிறு தொகை அல்ல. அரசு வேலையில் இருப்பவருக்கு வழக்கு என்றால் ஆபீசிலும் கேள்வி வரும்.

“எங்கிருந்தோ வந்த வெளிநாட்டுப் பறவைக்கு அனுமதி, நம் மரத்துக் கிளிக்குத் தடையா?” என்ற கேள்வி எழலாம். நியாயமான கேள்விதான். அதற்கு விடையும் இருக்கிறது.

கடையில் விற்கும் பச்சைக்கிளிக் குஞ்சு கூண்டில் பிறந்தது அல்ல. மரப்பொந்தில் கை விட்டு எடுத்தது. கண் சரியாகத் திறக்காத குஞ்சுகளைக் கூடையில் அடைத்து ரயிலிலும் லாரியிலும் அனுப்புகிறார்கள். வழியில் பல செத்துப்போகின்றன. ஒரு குஞ்சு விற்பனைக்கு வந்தால், அதன் பின்னால் சாவுக் கணக்கு ஒன்று இருக்கிறது.

‘லவ் பேர்ட்ஸ்’ என்று நாம் வாங்கும் சிறு பறவையின் கதை வேறு. அதன் தாயகம் ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாடு. தன் நாட்டுப் பறவைகளை உயிரோடு வணிகத்துக்காக ஏற்றுமதி செய்வதை அந்த நாடு பல பத்தாண்டுகளுக்கு முன்பே நிறுத்திவிட்டது. இன்று உலகம் எங்கும் விற்கப்படுபவை கூண்டிலேயே பிறந்து, கூண்டிலேயே பல தலைமுறை கண்டவை. அதை வாங்குவதால் எந்தக் காடும் காலியாவதில்லை.

பெயரில் உள்ள குழப்பம்

இங்கேதான் வாங்குவோர் ஏமாறுகிறார்கள். நம் ஊரில் ‘லவ் பேர்ட்ஸ்’ என்று சொல்லப்படும் பறவை உண்மையில் லவ் பேர்டே அல்ல. அதன் சரியான பெயர் பட்ஜரிகர். சுருக்கமாக பட்ஜி. சுமார் 18 சென்டிமீட்டர் நீளம், எடை 30 முதல் 40 கிராம், நீண்ட வால். பிடரியிலும் முதுகிலும் சிறகிலும் அலை அலையாகக் கறுப்புக் கோடுகள். இயற்கையில் பச்சையும் மஞ்சளும்தான் நிறம். நீலம், வெள்ளை, முழு மஞ்சள் எல்லாம் கூண்டில் வளர்த்தபோது தோன்றிய ரகங்கள். 1840-ல் ஜான் கோல்டு என்ற பறவை ஆய்வாளர் இதை உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். அதன் பிறகே இது வீட்டுப் பறவையாகப் பரவியது.

உண்மையான லவ் பேர்டின் தாயகம் ஆப்பிரிக்கா. அதன் உடல் கட்டை, வால் குட்டை, அலகு பெரிது. அதிலும் பல இனங்கள் உண்டு. கன்னமும் நெற்றியும் ரோஜா நிறமாக இருந்து, கண்ணைச் சுற்றித் தடித்த வெள்ளை வளையம் இல்லாதது ரோஜா முக லவ் பேர்ட். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் பளிச்சென்று தெரிந்தால் அது ஃபிஷர் லவ் பேர்ட் அல்லது கறுப்பு முகமூடி லவ் பேர்ட்.

இந்த வளையத்தில் என்ன இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். சட்டமே அதில்தான் இருக்கிறது.

‘சைட்டிஸ்’ என்ற சர்வதேச வன உயிரின வணிக ஒப்பந்தம் 1973-ல் உருவானது. இந்தியா 1976-ல் அதில் சேர்ந்தது. உலகில் உள்ள கிளி இனங்கள் அநேகமாக எல்லாமே அதன் பட்டியல்களில் உள்ளன. நான்கே நான்கு இனங்களுக்கு மட்டும் விலக்கு. அவை: பட்ஜி, காக்கடீல், ரோஜா முக லவ் பேர்ட், நம் பச்சைக்கிளி. நான்காவதான பச்சைக்கிளிக்கு சர்வதேசப் பட்டியலில் இடம் இல்லை என்றாலும், இந்தியச் சட்டம் அதைத் தனியாகப் பாதுகாக்கிறது. ஆக, நம் நாட்டில் இந்தக் கெடுபிடி எதுவும் இல்லாமல் வாங்கி வளர்க்கக்கூடிய கிளி இனங்கள் முதல் மூன்றுதான்.

மற்ற வெளிநாட்டுக் கிளிகளுக்குப் பதிவு வேண்டும். சைட்டிஸ் பட்டியல்களில் உள்ள இனங்கள் நம் வன உயிரினச் சட்டத்தின் நான்காம் பட்டியலில் சேர்க்கப்பட்டுள்ளன. அவற்றை வைத்திருப்பவர்கள் தெரிவித்துப் பதிவு செய்ய வேண்டும் என்ற விதிகளை மத்திய அரசு 2024 பிப்ரவரி 28-ல் வெளியிட்டது. ‘பரிவேஷ்’ என்ற இணையதளத்தில் பதிய வேண்டும். ஏற்கெனவே வைத்திருந்தவர்களுக்கு 6 மாதம் அவகாசம் தரப்பட்டது. அது 2024 ஆகஸ்டு 28-ல் முடிந்தது. புதிதாக வாங்குவோருக்கு 30 நாள் கெடு.

கண்ணில் வெள்ளை வளையம் உள்ள லவ் பேர்ட், மஞ்சளும் ஆரஞ்சும் கலந்த சன் கனூர், சாம்பல் மார்புடைய குவேக்கர் கிளி எல்லாம் இந்தப் பதிவுக்குள் வருபவை. கடைக்காரர் இதைச் சொல்லமாட்டார். “எல்லாம் ஃபாரின் பேர்டு, பிரச்சினை இல்லை” என்பார். அந்தப் பேச்சை நம்பி வாங்கினால், பதில் சொல்ல வேண்டியவர் வாங்கியவர்தான்.

நம் கிளிகளை அடையாளம் காண்பது எப்படி?

சட்டம் காக்கும் நம் கிளிகளையும் தெரிந்துகொள்வது நல்லது. சாதாரணப் பச்சைக்கிளி வாலோடு சேர்த்து சுமார் 40 சென்டிமீட்டர். வளர்ந்த ஆணுக்குக் கழுத்தில் கறுப்பும் ரோஜா நிறமும் சேர்ந்த ஆரம் இருக்கும். பெரிய பச்சைக்கிளி அதைவிடப் பெரியது. சிறகின் தோளில் சிவப்புத் திட்டு இருப்பது அதன் அடையாளம். ‘நன்றாகப் பேசும்’ என்று கூடுதல் விலைக்கு விற்பது இதைத்தான். செந்தலைக் கிளி சிறியது. ஆணின் தலை நாவற்பழமும் சிவப்பும் கலந்த நிறம். பெண்ணின் தலை சாம்பல். சிறிதாக இருப்பதால் இதை வெளிநாட்டுக் கிளி என்று சொல்லி விற்பதும் உண்டு.

இவற்றின் குஞ்சுகளுக்கு ஆரமும் இருக்காது, தலை நிறமும் வந்திருக்காது. அதனால் ஒரு பொது விதியை மனதில் வைத்தால் போதும். கோடு எதுவும் இல்லாத பச்சை உடம்பு, சிவந்த அல்லது இளஞ்சிவப்பான அலகு, நீண்டு கூரான வால் மூன்றும் சேர்ந்திருந்தால் பர்சைத் திறக்கவே வேண்டாம்.

பட்ஜி வாங்கும்போது பார்க்க வேண்டியவை

சட்டத்தில் தடை இல்லை என்பதால் எந்தப் பட்ஜியையும் வாங்கிவிடலாம் என்று இல்லை. வயதையும் பாலையும் பார்க்க வேண்டும்.

நெற்றியில் அலகு வரை கறுப்புக் கோடுகள் இறங்கி வந்திருந்தால் அது இளம் பறவை. மூன்று நான்கு மாதத்தில் முதல் இறகு உதிர்ந்த பிறகு நெற்றி வெளிறிவிடும். குஞ்சின் கண் முழுக்கக் கறுப்பாக இருக்கும். வயது வந்தால் பெரும்பாலான ரகங்களில் கருவிழியைச் சுற்றி வெளிறிய வளையம் தோன்றும்.

அலகுக்கு மேலே மூக்குத் துவாரம் உள்ள சதைப்பகுதி நீலமாக இருந்தால் ஆண். பழுப்பாகவோ வெளிறியோ இருந்தால் பெண். முழு மஞ்சள், முழு வெள்ளை ரகங்களில் ஆணுக்கும் அந்த இடம் இளஞ்சிவப்பாகவே இருந்துவிடும். அங்கே மட்டும் இந்தக் கணக்கு தவறும். இது தெரியாமல் ‘ஜோடி’ என்று இரண்டு ஆணை வாங்கி வந்து, முட்டைக்காக வருஷக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு.

உடம்பை உப்பிக்கொண்டு மூலையில் தூங்கும் பறவை, பின்பக்க இறகில் எச்சம் ஒட்டிய பறவை, அலகைச் சுற்றிச் சுண்ணாம்பு பூத்தாற்போல் பொரி பிடித்த பறவை ஆகியவற்றை மலிவாகக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது.

ஒற்றை அறையில் வளர்ப்பு

கூண்டு உயரமாக இருப்பதைவிட நீளமாக இருப்பது நல்லது. பறவை பக்கவாட்டில்தான் பறக்கும். ஒரு ஜோடிக்கு இரண்டரை முதல் மூன்று அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் வேண்டும். கம்பிகளுக்கு இடையே அரை அங்குலத்துக்கு மேல் இடைவெளி கூடாது; தலை மாட்டிக்கொள்ளும். கடையில் கொடுக்கும் ஒரு சாண் கூண்டு வீட்டுக்குக் கொண்டுவருவதற்குத்தான்.

தினைதான் முக்கிய உணவு. மும்பைக் கடைகளில் ‘கங்கனி’ என்று கேட்டால் கொடுப்பார்கள். சாமை, கம்பு கலக்கலாம். தானியம் மட்டும் போட்டால் சத்துக் குறைவு வரும். கொத்தமல்லி, கீரை, துருவிய கேரட் கொஞ்சமாவது தினமும் வேண்டும். சுண்ணாம்புச் சத்துக்குக் கடல்நுரை எனப்படும் கணவாய் ஓட்டைக் கம்பியில் செருகி வைக்கலாம். உப்பு, சாக்லேட், வெண்ணெய்ப் பழம் எனப்படும் அவகாடோ ஆகியவை ஆகவே ஆகாது. மழைக்காலத்தில் தானியம் ஈரம் பட்டுப் பூஞ்சை பிடிக்கும். வாடை வந்த தானியத்தை உடனே கொட்டிவிட வேண்டும்.

நம்மவர் வீடுகளில் சமையலும் படுக்கையும் பறவையும் ஒரே அறையில். இதுதான் பெரிய ஆபத்து. பறவையின் நுரையீரல் புகையைத் தாங்காது. ஒட்டாத பூச்சு உள்ள தோசைக்கல் வெறுமனே அதிகச் சூடானால் வெளிவரும் ஆவி பட்ஜியைச் சில நிமிடங்களில் கொன்றுவிடும். மனிதர் மூக்குக்கு அது தெரியக்கூடத் தெரியாது. கொசுவத்தி, சாம்பிராணி, பீடி, சிகரெட் புகையும் ஆகாது. கூண்டை அடுப்பங்கரைப் பக்கம் இல்லாமல் காற்றோட்டமான ஜன்னல் பக்கம் வைக்க வேண்டும். காக்கை, பூனை எட்டாத இடமாகவும் இருக்க வேண்டும்.

பறவை எச்சம் காய்ந்து தூசியாகப் பறந்தால், கிளிக் காய்ச்சல் என்ற நுரையீரல் நோய் மனிதருக்கும் வரக்கூடும். அதனால் கூண்டைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். காய்ச்சலும் இருமலும் விடாமல் இருந்தால், வீட்டில் பறவை இருப்பதை டாக்டரிடம் சொல்ல வேண்டும். சொன்னால்தான் அவருக்கு அந்தச் சந்தேகம் வரும்.

குஞ்சு பொரித்தல்

குறைந்தது பத்து மாதம், ஒரு வயதாவது ஆன பிறகே ஜோடி சேர்க்க வேண்டும். இவை புல்லால் கூடு கட்டுவதில்லை, பொந்தில் முட்டையிடும். அதற்காக நம் நாட்டில் பக்கவாட்டில் துளை போட்ட மண் கலயத்தைக் கூண்டில் கட்டுகிறார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் நான்கு முதல் ஆறு முட்டை வரை இடும். பெண் மட்டுமே அடைகாக்கும்; ஆண் இரை ஊட்டும். ஒவ்வொரு முட்டையும் பொரிய சுமார் 18 நாள். முட்டையிட்ட முறையிலேயே குஞ்சும் ஒன்றன்பின் ஒன்றாக வரும். பெரியதற்கும் சிறியதற்கும் ஒரு வார வித்தியாசம் இருப்பதால் கடைசிக் குஞ்சு நசுங்கிப்போவது உண்டு. ஐந்து வாரத்தில் குஞ்சு வெளியே வரும். ஆறு வாரத்தில் தானாகத் தின்னும்.

ஆண்டுக்கு இரண்டு ஈடு போதும். அதன் பிறகு கலயத்தைக் கழற்றிவிட வேண்டும். கலயம் இருக்கும் வரை பெண் இட்டுக்கொண்டே இருக்கும். சுண்ணாம்புச் சத்து தீர்ந்து, முட்டை உள்ளேயே அடைத்துக்கொண்டு செத்துப்போகும். ஒரே தாய் வயிற்றுக் குஞ்சுகளை ஜோடி சேர்ப்பதும் தவறு.

வருமானம் வருமா?

சம்பளம் போதாத காலத்தில் பறவை வளர்ப்பைப் பக்கத் தொழிலாக நினைப்பவர்கள் இருக்கிறார்கள். கணக்கைப் பார்க்க வேண்டும். ஒரு ஜோடியில் ஆண்டுக்கு எட்டுக் குஞ்சு தேறினாலே நல்ல விளைச்சல். எளிதாகப் பெருகும் பறவை என்பதால் எல்லோரிடமும் இருக்கிறது. கடைக்காரர் கேட்கும் விலைக்குத்தான் கொடுக்க வேண்டும். தினை, மருந்து, கூண்டுச் செலவைக் கழித்தால் மிஞ்சுவது சொற்பம். கடை வைத்து விற்பதானால் 2018-ஆம் ஆண்டு விதிகளின்படி மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவும் வேண்டும்.

“ஜோடி நாங்கள் தருகிறோம், குஞ்சை நாங்களே வாங்கிக்கொள்கிறோம்” என்று யாராவது முன்பணம் கேட்டால், ஈமு கோழியை நினைத்துக்கொள்ள வேண்டும். அதுவும் ஆஸ்திரேலியப் பறவைதான். 2012-ல் பெருந்துறை வட்டாரத்தில் அந்த நிறுவனங்கள் கவிழ்ந்தபோது, நகையை அடகு வைத்துப் பணம் கட்டியவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். பறவையில் தவறு இல்லை. வாங்க ஆளில்லாத சரக்கை வளர்க்கச் சொன்னதுதான் தவறு.

கூண்டே சரியா?

பறவைக்குப் பறக்கும் உரிமை உண்டு என்று 2011-ல் குஜராத் உயர்நீதிமன்றமும் 2015-ல் டில்லி உயர்நீதிமன்றமும் கருத்துத் தெரிவித்தன. பட்ஜி வளர்ப்பைத் தடுக்கும் சட்டம் இன்று இல்லை. ஆனால் அசைய இடமில்லாத கூண்டில் எந்த உயிரை அடைத்தாலும் அது குற்றம் என்று 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டம் சொல்கிறது. முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை. அறுபது ஆண்டாக அந்தத் தொகை உயரவில்லை. நம் கிளிக்கு லட்சக்கணக்கில் மதிப்புப் போட்ட நாடு, கூண்டுக்குள் நடக்கும் கொடுமைக்கு ஒரு டீ, வடை காசைத்தான் போட்டிருக்கிறது. சட்டம் இதைத் திருத்தும் வரை வளர்ப்பவரின் மனசாட்சிதான் காவல்.

மனம் இளகிக் கூண்டைத் திறந்துவிடுவதும் புண்ணியம் ஆகாது. பட்ஜிக்கு மும்பை வானத்தில் பிழைக்கத் தெரியாது. காக்கைக்கும் பருந்துக்கும் இரையாகும். பச்சைக்கிளியின் நிலை வேறு. ஏற்கெனவே வீட்டில் வைத்திருப்பவர்கள் அதை ஒளிக்கவும் வேண்டாம், சிறகு வெட்டிய நிலையில் வெளியே விடவும் வேண்டாம். மகாராஷ்டிர வனத்துறையின் 1926 என்ற இலவசத் தொலைபேசி எண்ணுக்குச் சொல்லி ஒப்படைப்பதே நல்லது. பறக்கும் நிலைக்குத் தேறியவை திரும்ப விடப்படும்.

ஊருக்குப் போகும்போது கிளியைப் பைக்குள் வைத்து ரயில் ஏறுவது வழக்கை விலை கொடுத்து வாங்குவதாகும். பிடிப்பதும் விற்பதும் போலவே கொண்டு செல்வதும் குற்றம். பட்ஜியையும் ஒன்றரை நாள் வெயில் பயணத்தில் வாட்டாமல், நம்பிக்கையான பக்கத்து வீட்டில் விட்டுச் செல்வதே மேல்.

அரிசி வாங்கினால் கைப்பிடி அள்ளிப் பார்க்கிறோம். துணி வாங்கினால் சாயம் போகுமா என்று கேட்கிறோம். உயிருள்ள ஒன்றை வாங்கும்போது மட்டும் பெயரைக்கூடக் கேட்பதில்லை. “இதன் பெயர் என்ன, எங்கே பிறந்தது, பில் கொடுப்பீர்களா?” என்ற மூன்று கேள்விகளுக்கும் நேரான பதில் வராத கடையில் எந்தப் பறவையும் வாங்க வேண்டாம். வாங்குவோர் இப்படிக் கேட்கத் தொடங்கினால், மரப்பொந்தில் கை விடுபவனுக்குத் தொழில் படுத்துவிடும்.